இரண்டரை லட்சம் பேருக்கு வழி செய்தவர்: பேயார்ட் ரஸ்டின்

(திரையில்: லிங்கன் நினைவகத்தின் முன் திரண்ட கூட்டம், கறுப்பு வெள்ளைப் படம்)

1963 ஆகஸ்ட் 28. கறுப்பின அமெரிக்கர்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி என்றால் மார்ட்டின் லூதர் கிங்கின் உரைதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதைக் கேட்கச் சுமார் இரண்டரை லட்சம் பேர் எப்படி வந்து சேர்ந்தார்கள்? என்ன சாப்பிட்டார்கள்? கழிப்பறைக்கு எங்கே போனார்கள்? இதற்கெல்லாம் விடை வைத்திருந்தவர் பேயார்ட் ரஸ்டின்.

(திரையில்: ரஸ்டினின் படம்)

1947-இல் கறுப்பரும் வெள்ளையரும் பஸ்ஸில் சேர்ந்து உட்காரும் போராட்டத்தில் இறங்கி, வட கரோலைனாவில் கைதானவர். தண்டனையாகச் சாலை போடும் கைதிகளோடு வேலை செய்தார். அந்தத் தண்டனைக்கு முன்பு, 1948-இல் இந்தியா வந்து காந்தியவாதிகளைச் சந்தித்தார்.

பேரணிக்கு அவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மாதம்கூட இல்லை. நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியில் ஓர் அலுவலகம், சில இளைஞர்கள், ஓயாமல் அடிக்கும் தொலைபேசி. பஸ்களும் சிறப்பு ரயில்களும் ஏற்பாடாயின. ஆகஸ்ட் வெயிலில் கெட்டுப்போகும் உணவு வேண்டாம் என்று கையேடு அச்சிட்டார்கள். நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் தொண்டர்கள் 80,000 பொட்டலம் சீஸ் சாண்ட்விச் கட்டினார்கள். பணிநேரம் முடிந்த கறுப்பினக் காவலர்களுக்குத் துப்பாக்கியின்றிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் பயிற்சி தரப்பட்டது. ஒலிபெருக்கிக்குச் செலவழிக்க ரஸ்டின் தயங்கவில்லை. பேச்சு காதில் விழாத கூட்டம் சலசலக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவு செய்தவருக்குத் தலைமைப் பொறுப்பு தரப்படவில்லை. அவர் தன்பாலின ஈர்ப்பாளர். இளமையில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் இருந்தவர். எதிரிகளுக்கு வாய்ப்பாகிவிடும் என்று, கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர் ராய் வில்கின்ஸ் எதிர்த்தார். அவர் அஞ்சியது போலவே, பேரணிக்கு இரு வாரம் முன்பு இனப் பிரிவினையை ஆதரித்த செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் இரண்டையும் சொல்லி செனட் அவையிலேயே ரஸ்டினைத் தாக்கிப் பேசினார். மூத்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையைத் தாம் ஏற்று, ரஸ்டினைத் துணையாக வைத்துக்கொண்டார். தாக்குதலுக்குப் பின்னும் கைவிடவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பெரிய மனிதராகத் தெரிபவர் ராண்டால்ஃப்தான்.

(திரையில்: மேடையில் தாளைப் பார்த்து வாசிக்கும் ரஸ்டின்)

கிங் பேசி முடித்த பிறகு, ரஸ்டின் மேடையேறிக் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். கூட்டம் ஆமோதித்து முழங்கியது. ‘வேலைவாய்ப்புக்கும் சுதந்திரத்துக்குமான வாஷிங்டன் பேரணி’ என்ற முழுப் பெயரிலேயே வேலைவாய்ப்பும் உண்டு. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டம் மறு ஆண்டே, 1964-இல் நிறைவேறியது. மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி கேட்டார்களே, அது 1974-இல்தான் வந்தது. அதற்குள் விலைவாசி எங்கோ போயிருந்தது.