நுளம்பு தின்ற பெரும்போகம்

வணக்கம் நேயர்களே. மக்கள் சுகாதாரத்துக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்கும் என்ன தொடர்பு என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நேரமோ கொஞ்சம். ஆகவே ஒரு நாடு, ஒரு நோய் என்று வைத்துக்கொள்கிறேன். நாடு இலங்கை, நோய் மலேரியா.

எங்கள் வீடு வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே. ஐயா நாலு ஏக்கர் வயல் செய்தார். பெரும்போகம் எப்படி நடக்கும் என்று கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசியில் விதைப்பு, மார்கழி, தையில் களையும் பசளையும், மாசி பங்குனியில் அரிவு வெட்டு. மாரி மழை ஓய்ந்து, கண்ட கண்ட இடமெல்லாம் தண்ணீர் தேங்கி நிற்பதும் அதே மார்கழி, தையில்தான். நுளம்புக்கும் அதுதான் போகம்.

1969 தை மாதம் எனக்கு நல்ல நினைவு. வயலில் களை பிடுங்கிக்கொண்டு நின்ற ஐயா திடீரென்று வரம்பில் ஏறிக் குந்தினார். பல் கிடுகிடென்று அடித்தது. மூன்று சாக்குப் போர்த்தியும் குளிர் விடவில்லை. பின்னேரம் வேர்த்துக் கொட்டியது. மறுநாள் எழும்பி நடந்தார், ஆனால் மண்வெட்டி பிடிக்கத் தெம்பில்லை. அதற்கு அடுத்த நாள் திரும்பவும் குளிர். இப்படியே ஒரு நாள் விட்டு ஒரு நாள். கூலிக்கு ஆள் தேடி அம்மா ஊரைச் சுற்றினார். போன வீடெல்லாம் யாரோ ஒருவர் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மாத்திரைக்கு நாங்கள் காசு கொடுக்கவில்லை, ஆஸ்பத்திரியில் சும்மா தந்தார்கள். நட்டம் வந்தது வேறு வழியால். களை நெல்லை முந்திவிட்டது. அடுத்த விதைப்புக்கு விதைநெல்லைக் கடனாக வாங்கினோம். அண்ணா அந்தத் தவணை முழுக்கப் பள்ளிக்கூடம் போகவில்லை, வயலுக்குப் போனார். எந்தச் சுகாதாரக் கணக்கிலும் இது ஏறியிருக்காது. நோயாளர் எண்ணிக்கையில் ஐயா ஒருவர், அவ்வளவுதான்.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். 1934-35இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றின. ஓடாத தண்ணீர் ஆற்றுப்படுக்கையில் குட்டை குட்டையாக நின்றது. அதில் பெருகிய நுளம்பால் ஏறக்குறைய 80,000 பேர் செத்தார்கள். அது மழை கூடிய ஈரவலயத்தில், பழக்கமில்லாத சனத்துக்கு வந்த நோய். எங்கள் வன்னி போன்ற உலர்வலயத்திலோ மலேரியா ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் விருந்தாளி. பழைய அரசர்கள் கட்டிய குளங்களும் நிலமும் இருந்தும் அங்கே குடியேற ஆட்கள் தயங்கினார்கள்.

1946இல் வீட்டுச் சுவர்களுக்கு டிடிடி என்ற பூச்சிமருந்து அடிக்கத் தொடங்கினார்கள். இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் சுவரில் ஒட்டி இளைப்பாறும். அங்கேயே அது சாகும். ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு ஒரே ஆண்டில் 14 ஆக இறங்கியது. மலேரியாவைத் தவிர வேறு காரணங்களும் இதில் உண்டு என்று ஆராய்ச்சியாளர் இன்னும் வாதாடுகிறார்கள், இருக்கட்டும். கல்லோயா போன்ற குடியேற்றங்களில் ஆட்கள் தங்கிப் பயிர் செய்ய முடிந்ததில் மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. அட்ரியன் லூகாஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இலங்கையில் எந்த மாவட்டங்களில் மலேரியா கூடுதலாக இருந்து ஒழிந்ததோ, அங்கே பிறந்த பெண்பிள்ளைகளின் படிப்பும் கூடுதலாக உயர்ந்திருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு அண்ணாவின் அந்தத் தவணைதான் ஞாபகம் வந்தது.

மறுபக்கத்து வாதத்தையும் சொல்ல வேண்டும். டேரன் அசெமோக்லு, சைமன் ஜோன்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2007இல் பல நாடுகளின் கணக்கைப் பார்த்துவிட்டு, நோய்கள் குறைந்ததும் ஆயுள் நீண்டது, சனத்தொகை பெருகியது, ஆனால் தலைக்கு வருமானம் அதனால் உயரவில்லை என்றார்கள். இலங்கையிலும் 1946இல் 66 இலட்சமாக இருந்த சனம் 1971இல் 127 இலட்சமாகியது. பிழைத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் நிலமும் வேலையும் வேண்டும்தானே. அதற்காக நுளம்பை விட்டுவைக்கலாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

எனக்கு ஆறாதது வேறு ஒன்று. 1963இல் முழு இலங்கைக்கும் மலேரியா நோயாளர் 17 பேர். பதினேழு! வென்றாகிவிட்டது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். நோயாளரே இல்லாத நோய்க்கு ஏன் காசு என்று கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் படும். பிறகு மழை குறைந்தது, ஆற்றோரக் குட்டைகளும் மாணிக்கக்கல் தோண்டிய குழிகளும் நுளம்புக்கு இடம் கொடுத்தன. 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர். அந்த ஐந்து இலட்சத்தில் ஒருவர்தான் எங்கள் ஐயா.

அப்புறம் மருந்தடிக்கிறவர்கள் திரும்ப வந்தார்கள். பானை சட்டியெல்லாம் முற்றத்துக்கு வரும், சுவர் வெள்ளை வெள்ளையாகும். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் வந்தால் அம்மாவுக்குக் கோபம். அவர்கள் படலை தாண்டியதும் சாணமும் மண்ணும் குழைத்துச் சுவரை மெழுகிவிடுவார். மருந்து மெழுக்குக்கு உள்ளே, நுளம்பு வெளியே. இந்தச் சின்ன விஷயத்தை வீட்டுக்காரிகளுக்குப் பொறுமையாகச் சொல்ல ஒரு ஆள் வைத்திருந்தால் எவ்வளவு மருந்துக்காசு மிஞ்சியிருக்கும்!

யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் மலேரியா திரும்பவும் ஏறியது. 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லாமலே மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. கைதட்டினோம். அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் ஒரு புது நுளம்பு பிடிபட்டது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி, இந்தியாவில் நகரங்களில் மலேரியா பரப்புகிற இனம். ஆற்றுக் குட்டை அதற்குத் தேவையில்லை. வீட்டுக் கிணறும் தண்ணீர்த் தொட்டியும் போதும்.

ஆகவே இன்றைக்கும் அங்கே கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக் கூத்தம்பி, அதாவது நுளம்புப் புழு, தேடுகிற ஆட்கள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருகிறவரின் இரத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, "இல்லை" என்று எழுதி, அடுத்ததை எடுக்க ஒருவர் வேண்டும். ஆண்டு முழுவதும் "இல்லை" என்று மட்டுமே எழுதுகிற அந்த ஆளின் சம்பளம், வரவு செலவுத் திட்டக் காலத்தில் யார் கண்ணிலாவது கட்டாயம் படும். வணக்கம்.