ஸ்டேஷன் வரைக்கும் எப்படிப் போவது?

வணக்கம் நேயர்களே. விருப்பமான எதையும் பேசலாம் என்று வானொலி நிலையத்தார் சொன்னார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். டொறொன்டோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் இணைக்கும் கோ ரயிலை விட்டால் இந்த மனுசனுக்கு வேறு என்ன கதை இருக்கிறது என்று.

ரயில் கூடிக்கொண்டுதான் வருகிறது, அதில் குறை சொல்ல மாட்டேன். 1967 மே மாதம் ஏரிக்கரையோரமாக, பிக்கறிங் பக்கமிருந்து ஓக்வில் பக்கம் வரை, ஒரு பரீட்சார்த்தமாகத்தான் தொடங்கினார்கள். இன்றைக்கு அதே லேக்‌ஷோர் தடம் கிழக்கே ஒஷாவா வரை போகிறது. 2013 கோடையிலிருந்து பகல் முழுக்க அரை மணிக்கு ஒரு ரயில். மார்க்கம் வழியாகப் போகும் ஸ்டௌவில் தடத்திலும் 2017இல் பகல் ரயில் வந்தது. நல்ல விஷயம். அப்படியென்றால் எங்கள் சனத்தின் வீட்டு வாசல்களில் கார் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? போய் எண்ணிப் பாருங்கள். இரண்டு நிற்கும், மூன்றும் நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. பன்னிரண்டு பெட்டி கோ ரயிலில் ஏறக்குறைய 1,900 பேர் இருந்து போகலாம். இவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரில் ஸ்டேஷனுக்கு வந்தால் ஒரே ஒரு ரயிலுக்கு 1,900 பார்க்கிங் இடம் வேண்டும். கோ தடங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து 70,000க்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இலவசம். ஆனால் காலையில் விட்ட கார் பின்னேரம் ஆறு மணி வரை அந்த இடத்தை விட்டு அசையாது. ஆக, ஒரு பார்க்கிங் இடம் ஒரு நாளைக்கு ஒரு பயணியைத்தான் ரயிலில் ஏற்றும். காலை எட்டு மணிக்கு பார்க்கிங் லொட் நிரம்பிவிட்டதென்றால், பத்தரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் வருகிற புது ரயில்களில் யார் ஏறுவது? நடந்து வருகிறவர்களும் பஸ்ஸில் வருகிறவர்களும்தான். கோவிட்டுக்குப் பிறகு சில இடங்களில் லொட் முன்னைப் போல நிரம்புவதில்லை என்பீர்கள். சரி. ஆனாலும் கணக்கு அதேதான்: பகல் ரயிலை நிரப்ப பஸ்தான் வேண்டும்.

எங்களுக்கு நெருக்கமான ஒரு குடும்பம், ஊர்ப் பெயர் வேண்டாம். மகனுக்கு டவுன்டவுனில் வேலை. வீட்டிலிருந்து ஸ்டேஷன் காரில் ஏழெட்டு நிமிடம். மருமகளுக்கு வேலை வடக்கே, ரயில் எட்டிப் பார்க்காத இடம். ஆகவே இரண்டு கார். அதில் ஒன்று ஒரு நாளில் ஓடுவது கால் மணித்தியாலம், மிச்ச நேரமெல்லாம் ஸ்டேஷனில் பனியில் நனைந்துகொண்டு நிற்கும். ஓடினாலும் நின்றாலும் காப்புறுதிக் காசு கட்ட வேண்டும். அது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ரயிலில் போவதற்காகவே வாங்கிய கார் இது. யோசித்துப் பாருங்கள், ரயிலில் போவதற்காக ஒரு கார்!

அந்த வீட்டில் ஓர் அம்மாவும் இருக்கிறா. யாழ்ப்பாணத்தில் சந்தைக்கும் கோயிலுக்கும் தனியாக பஸ் ஏறிப் போய் வந்தவ. இங்கே விடிய ஏழு மணிக்குப் பிறகு வாசலில் கார் இல்லை. டொக்டரிடம் போவதா, மரக்கறி வாங்குவதா, எல்லாவற்றுக்கும் "மகன் வரட்டும்". ஒரு நாள் கேட்டேன், "ஏனம்மா, முன் ரோட்டில் பஸ் ஓடுதுதானே?" அவ சொன்னா: "ஓடுது தம்பி. எப்ப வரும் எண்டு அதுக்கே தெரியாது." பிறகு அந்தத் தரிப்பிடத்தை நானே போய்ப் பார்த்தேன். ஒரு கம்பம், அவ்வளவுதான். வீதியிலிருந்து தள்ளிய பனி இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது, அதைத் தாண்டித்தான் பஸ்ஸில் கால் வைக்க வேண்டும். அதே காலையில் ஸ்டேஷன் பார்க்கிங் லொட் உப்புப் போட்டு, தார் தெரியத் துப்பரவாக இருந்தது.

சரி, அப்புறம் காசுக் கதை. நான் பல வருடம் புலம்பிய கதை இது. ஸ்காபரோவில் டிடிசி பஸ்ஸில், அதாவது டொறொன்டோ நகர பஸ்ஸில், ஏறி கோ ஸ்டேஷனுக்குப் போனவர் பஸ்ஸுக்கு முழுக் காசும் ரயிலுக்குத் தனிக் காசும் கட்டினார். கடைசியாக பஸ்ஸுக்கு மட்டும் ஒரு வழிக்கு 3 டாலர் 30 சதம். இடையில் 2018இலிருந்து இரண்டு வருடம் கொஞ்சம் கழித்தார்கள், 2020இல் அதையும் நிறுத்தினார்கள். காரில் வந்தவருக்கோ பார்க்கிங் இலவசம். கார் வைத்திருப்பவருக்குச் சலுகை, இல்லாதவருக்குத் தண்டம்! டொறொன்டோவுக்கு வெளியே டர்ஹம், யோர்க் போன்ற பக்கங்களின் பஸ்களுக்கு 2022 மார்ச்சில் இது தீர்ந்தது. டிடிசிக்கு 2024 பெப்ரவரி 26 வரை பார்த்திருந்தோம். இப்போது லோறன்ஸ் வீதியில் 54ஆம் இலக்க பஸ் எடுத்து ரூஜ் ஹில்லில் ரயில் ஏறினால் பஸ் காசு கழிந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இரண்டிலும் ஒரே அட்டையைத் தட்டுங்கள். பஸ்ஸில் பிரெஸ்டோ பயண அட்டையும் ரயிலில் வங்கி அட்டையும் தட்டினால் கழிவு கிடைக்காது.

காசு சரி, நேரம்? ரயில் அரை மணிக்கு ஒன்று, பஸ் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால் இரண்டும் எப்போதாவதுதான் சந்திக்கும். பஸ்ஸும் அரை மணிக்கு ஒன்றாகி, ரயில் வந்து ஐந்தாறு நிமிடத்தில் புறப்பட வேண்டும். ரயில் பிந்தினால் பஸ் காத்திருக்க வேண்டும். ரயில் போகாத திசைக்கும் பஸ் வேண்டும். டர்ஹமில் 2013இல் தொடங்கிய பல்ஸ் பஸ்ஸை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. ஒஷாவாவிலிருந்து ஹைவே 2 வழியே ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகம் வரை நேரே ஓடுகிறது, எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் அதில்தான் படிக்கப் போகிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். பிக்கறிங்கில் 401 நெடுஞ்சாலைக்கு மேலால் ஸ்டேஷனையும் கடைத்தொகுதியையும் இணைக்கும் நடைபாலத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன், அது இன்னொரு நாளைக்கு. ஒஷாவாவுக்கும் கிழக்கே பவுமன்வில் வரை தடத்தை நீட்டும் திட்டம் பற்றி ஒரு வசனம் மட்டும்: அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் பொதுக் கூட்டங்களுக்குப் போனால், பார்க்கிங் எத்தனை என்று கேட்க முன்னம், இரவு ஒன்பது மணி ரயிலில் வந்து இறங்குகிறவருக்கு எந்த பஸ் நிற்கும் என்று கேளுங்கள். நன்றி, வணக்கம்.