பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போடலாமா?

சரி, அடுத்த கேள்வி. காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, பழைய கம்ப்யூட்டரில் போர்டு போய்விட்டது. அதிலிருந்து கழற்றிய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும், லேப்டாப்பில் இருந்த சின்ன டிஸ்க்கும் பீரோவில் கிடக்கின்றன. யூஎஸ்பி கேபிள் வாங்கி மாட்டினேன், சின்னது ஓடுகிறது, பெரியது செத்துவிட்டது. எடைக்குப் போட்டுவிடட்டுமா?"

பொறுங்கள் தம்பி, பெரியது செத்திருக்காது. லேப்டாப் டிஸ்க், அதாவது இரண்டரை இன்ச், யூஎஸ்பியில் வருகிற 5 வோல்ட்டிலேயே சுற்றிவிடும். மூன்றரை இன்ச் டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், அதனால் கரண்ட் அடாப்டரோடு வருகிற கேஸ், அதாவது டிஸ்க்கை உள்ளே வைத்து யூஎஸ்பியில் மாட்டுகிற பெட்டி, பார்த்து வாங்குங்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கே ஆவதில்லை. மாட்டியதும் மேலே விரலை வைத்தால் லேசான அதிர்வு தெரியும். டக் டக்கென்று தட்டுகிற சத்தம் வந்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள், திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்தால் உள்ளே இருக்கிற போட்டோவும் போய்விடும்.

ஓடினால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், 'குட்' என்று நீல நிறத்தில் வந்தால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டாவது காப்பிக்கு மட்டும். இங்கே கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற ஒருவர், இப்படி ஒரு பழைய 320 ஜிபி டிஸ்க்கில்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பில் கணக்கையெல்லாம் காப்பி பண்ணி, கழற்றி, துணியில் சுற்றி பீரோவில் வைக்கிறார். கழற்றி வைப்பதுதான் இதில் முக்கியம், கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஃபைலையெல்லாம் பூட்டினாலும் பீரோவுக்குள் அது வராது.

தோட்டத்து கேமரா எடுப்பதைப் பதிவு செய்கிற டிவிஆர் பெட்டியில் போடலாமா என்றால், போடலாம், ஆனால் அது ராத்திரி பகல் எழுதிக்கொண்டே இருக்கும், பழைய டிஸ்க் ரொம்ப நாள் தாங்காது. போடும்போது டிவிஆர் பார்மட் செய்துவிடும், அதற்கு முன்னாடியே உள்ளே இருப்பதை எடுத்துவிடுங்கள்.

யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் வெறும் டெலீட் போதாது, அழித்ததைத் திரும்ப எடுத்துவிடலாம். விண்டோஸில் பார்மட் போடும்போது 'குயிக் பார்மட்' டிக்கை எடுத்துவிடுங்கள், பல மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

நிஜமாகவே செத்துப்போன டிஸ்க்காக இருந்தால் எனக்கு அதுவும் வேண்டும். டி8 என்கிற நட்சத்திர ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றுங்கள், ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும், தடவினால் பள்ளம் தெரியும். உள்ளே இருக்கிற நியோடிமியம் காந்தம் இரண்டும் விரலை நசுக்கிவிடும், பார்த்து எடுங்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. லேப்டாப் டிஸ்க்கின் வட்டு பெரும்பாலும் கண்ணாடி, வளைத்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும். என் மேஜை ஓரத்தில் ஒட்டியிருக்கிறதே, இது அப்படி எடுத்த காந்தம்தான், கழற்றுகிற சின்ன ஸ்க்ரூ ஒன்றுகூடக் கீழே விழுவதில்லை.