எந்தக் கிளானில் சேருவது?

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திப் பக்கம் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். கடையில் காத்திருக்கிற பொடியள் அநேகமாகக் கிளாஷ் ஒஃப் கிளான்ஸ் விளையாடிக்கொண்டுதான் இருப்பார்கள், நானும் நாற்பது தாண்டியும் அதை விடவில்லை. அதனால் "அண்ணை, எந்தக் கிளானில சேருறது?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். லெவலைப் பார்க்காதே தம்பி, நேரத்தைப் பார் என்பேன்.

விளையாடாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கிளான் என்றால் இந்தப் போன் விளையாட்டில் சேர்ந்து விளையாடுகிற ஒரு கூட்டம், அதிகம் போனால் 50 பேர். இரண்டு கிளான்கள் மோதுகிறதைப் பொடியள் வார் என்பார்கள், அதில் ஏறக்குறைய ஒரு நாள் ஆயத்தம், பிறகு 24 மணித்தியாலம் அடிபாடு, ஆளுக்கு இரண்டே இரண்டு அடி. அந்த 24 மணித்தியாலம் யாருடைய மணிக்கூட்டில் முடிகிறது என்பதுதான் கேள்வி.

என் மருமகன் ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் முறையான ஒருவனின் கிளானில் சேர்ந்தான். நல்ல லெவல், சொந்தக்காரர், தமிழில் கதைக்கலாம், வேறென்ன வேணும்? ஆனால் லீடர் சொல்லும்வரை இரண்டாவது அடியை அடிக்கக்கூடாது என்பது அங்கே சட்டம், லீடர் வேலை முடிந்து வந்து ஆறுதலாகச் சொல்வது பின்னேரம் ஆறு மணிக்கு. கோடையில் அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இங்கே விடியப்புறம் மூன்றரை! பொடியன் அலாரம் வைத்து எழும்பி நுளம்பு வலைக்குள் இருந்து அடிப்பான். வயலுக்குத் தண்ணி கட்ட எழும்புகிற தகப்பன் வெளிச்சத்தைக் கண்டு, மகன் நேரத்தோடு எழும்பிப் படிக்கிறான் என்று பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிவிட்டார். ஒருநாள் அயர்ந்து நித்திரையாகிவிட்டான், விடிந்து பார்த்தால் கிளானிலிருந்து தூக்கியாச்சு. சொந்த மச்சான் பாருங்கோ! அந்தக் கோபம் பிறகு ஒரு கலியாண வீடு வரைக்கும் போனது, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், நேரம். இப்போது அவன் இருக்கிற கிளானில் முல்லைத்தீவுப் பொடியள் பாதிப்பேர், லெவல் பெரிதாக இல்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று லீடர் வாரே போடமாட்டான், போட்டால் யார் போனைத் தொடப்போகிறார்கள்? அறுவடை, சோதினை என்றால் வாருக்கு நான் இல்லை என்கிற சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டு ஒதுங்கி இருக்கலாம், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று, சேர முதல் ஆட்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். யார் எவ்வளவு படை கொடுத்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று பெயருக்கு நேரே கிடக்கும். லீடரே வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் போகவேண்டாம். வார் பதிவைத் திறந்து விட்டிருந்தால் அதையும் பாருங்கள்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். லீடருக்கு அடுத்த ஆளான கோ-லீடர் ஆக்குகிறேன், கணக்கைத் தா என்று கேட்கிற கிளான்களைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரமில்லை. விளையாட்டுக் கணக்கைத் திறக்கிற சுப்பர்செல் ஐடிக்கு ஈமெயிலில் வருகிற ஆறு இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லவேண்டாம், மச்சான் கேட்டாலும். வணக்கம்.