பின்சீட்டில் தொடங்கும் பாடம்

(பிளஸ் ஒன், பிளஸ் டூ பெற்றோர் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் பதினைந்து நாளில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். எட்டும் போட்டுவிடுவார்கள். ஆனால் ரோட்டைப் பார்க்கப் பழகுவதற்குப் பதினைந்து நாள் போதாது. அதை நீங்கள்தான் பழக்க வேண்டும். அதற்குப் பிள்ளை கையில் சாவி இருக்க வேண்டியதில்லை.

சாவி என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "பதினாறு வயசானா ஸ்கூட்டர் ஓட்டலாமே சார்?" என்று பலர் கேட்கிறீர்கள். கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். பழைய டிவிஎஸ் 50 காலத்துக்குச் சரி. இன்று உங்கள் வாசலில் நிற்பது 110 சிசி, 125 சிசி. அதற்கு 18 முடிந்திருக்க வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். வயது வராத பிள்ளை ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. டியூஷன் பக்கத்துத் தெருதான் என்றாலும் இதே சட்டம்தான்.

சரி, பாடத்துக்கு வருவோம். உங்கள் பிள்ளை எத்தனை வருஷமாக உங்கள் பின்னால் உட்கார்ந்து வருகிறது? தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நீங்கள் ஓட்டுவதை அது பார்க்கிறது. ஹெல்மெட்டைக் கையில் கோர்த்துக்கொண்டு போய், போலீஸைக் கண்டதும் தலையில் கவிழ்ப்பதையும் பார்க்கிறது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் டூவீலரில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,000 பேர். அந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்எல்ஆர், அதாவது வண்டி பழகுவதற்கான லைசென்ஸ், எடுத்த பிறகு ஒரு காலி மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு செங்கல்லை வையுங்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கல்லைத் தாண்டும்போது பிரேக் பிடிக்கச் சொல்லுங்கள். வண்டி நின்ற இடம் வரை அடியெடுத்து எண்ணட்டும். அப்புறம் 40-இல் அதையே செய்யட்டும். வேகம் இரண்டு மடங்குதான், பிரேக் பிடித்து நிற்கும் தூரமோ நாலு மடங்குக்குக் கிட்டே வரும். காலால் நடந்து எண்ணிய பிள்ளைக்கு அது மறக்காது. 60-இல் போகும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் தாண்டிவிடுகிறது. கண் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகவே ஏறக்குறைய அந்த ஒரு விநாடி ஆகும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். முப்பது நாள் முடிந்ததுமே டெஸ்டுக்கு ஓடாதீர்கள். முதல் மழையையும் முதல் ராத்திரியையும் பிள்ளை உங்களோடு பார்க்கட்டும். மழை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தூசியும் எண்ணெய்யும் கலந்து ரோடு வழுக்குவதை அப்போதுதான் புரியவைக்க முடியும்.

என் பெண்ணுக்குப் பதினாலு வயதில் நான் தொடங்கினேன். பின்னால் உட்காரவைத்து, "முன்னால தெரியறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே வா" என்றேன். முதல் நாள், "பஸ் நிக்குது" என்றாள். "பஸ்ஸுக்கு அந்தப் பக்கம்?" என்றேன். "தெரியலைப்பா." "தெரியலைன்னா என்ன பண்ணணும்?" பதில் இல்லை. நான் வேகத்தைக் குறைத்துக் காட்டினேன். கொஞ்ச நாளில், "அந்தக் கார்ல ஆள் இருக்காரு, கதவைத் திறந்தாலும் திறப்பாரு" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். "அந்த ஆட்டோ முன்சக்கரம் திரும்புதுப்பா" என்றாள் ஒரு நாள். அதை நான் கவனிக்கவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விடும் நேரம். ஸ்டாப்பில் பஸ் நிற்கிறது. அதைத் தாண்ட நான் வலது பக்கம் ஒதுங்குகிறேன். "அப்பா, பஸ்ஸுக்கு அடியில ரெண்டு கால் தெரியுது." பிரேக்கைப் பிடித்தேன். பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து முதுகில் பையோடு ஒரு பையன், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் நின்ற அவன் அம்மாவிடம் ஓடினான்.