பழைய திரை என்றால் பச்சைதானா?

நேயர்களுக்கு வணக்கம். பழைய கம்ப்யூட்டர் என்றதும் எல்லோரும் சொல்வது கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆனால், டெர்மினல்களிலேயே, அதாவது பெரிய கம்ப்யூட்டரோடு இணைத்துவைத்த திரை, சாவிப் பலகைகளிலேயே, பேர்போன விடி100, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1978ல் கொண்டுவந்தது, வெள்ளை எழுத்துத் திரை. பச்சை இல்லை, வெள்ளை.

பச்சை சும்மா வரவில்லை. ஐபிஎம் 1981ல் விற்ற 5151 மானிட்டர் வினாடிக்கு 50 தடவைதான் படத்தை வரையும். அந்த வேகத்தில் கண்ணுக்குச் சிமிட்டல் தெரியும். அதனால் மெதுவாக அணையும் பி39 பாஸ்பரை, அதாவது திரைக்கு உள்ளே ஒளிரும் பூச்சை, பூசினார்கள். அதன் நிறம் பச்சை. சிமிட்டல் அடங்கியது, ஆனால் வரிகள் மேலே ஏறும்போது பழைய எழுத்தின் சாயல் கொஞ்ச நேரம் தங்கியது. இன்று ரசிக்கிறோமே, அந்தச் சாயல்தான்!

நிறத்தை விடுங்கள். அழகு எழுத்தில் இருக்கிறது. விடி100ல் ஒவ்வொரு எழுத்தும் பத்துப் புள்ளி, பத்து வரிசைக் கோலம். பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே புள்ளி வைக்கிறது. படுக்கைக் கோடு என்றால் கற்றை தொடர்ந்து எரியும், நன்றாகத் தெரியும். நிற்கும் கோட்டுக்கு ஒவ்வொரு வரிசையிலும் ஒரே புள்ளி. ஏற்றி அணைப்பதற்குள் கற்றை கடந்துவிடும், முழு வெளிச்சம் வராது. ஆங்கிலப் பெரிய 'எல்' எழுத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: கால் பளிச்சென்று, உடம்பு மங்கலாக. இதற்கு வைத்தியமாக ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கம் இன்னொரு புள்ளி அளவுக்கு நீட்டிவிட்டார்கள். நிற்கும் கோடு தடித்தது. எழுத்துக்கு ஒரு திடம் வந்தது.

இந்த எழுத்தைப் பார்த்து இன்றைய கம்ப்யூட்டரில் செய்யும் நகல்கள் ஒல்லியாக இருப்பது இந்த நீட்டலை விட்டுவிடுவதால்தான். எழுத்து வடிவங்களை வைத்திருக்கும் நினைவகச் சில்லில் இருக்கும் புள்ளிகளை அப்படியே எடுத்துப் பச்சை அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. படத்தின் நகலை ஒரு பிக்சல் வலப்பக்கம் தள்ளி, வெளிச்சமான புள்ளி மட்டும் நிற்கும்படி மேலே வையுங்கள். பிறகு உயரத்தை இரு மடங்காக்கி, ஒன்றுவிட்டு ஒரு வரிசையை மங்கலாக்குங்கள். முதலில் நீட்டல், அப்புறம் உயரம், நிறம் கடைசியில்.

அசல் திரையைப் படமெடுப்பவர்கள் ஃப்ளாஷ் போடாதீர்கள், அறை விளக்கையும் அணையுங்கள். கேமரா ஷட்டர் 1/500 வினாடி என்றால் திரையில் ஒரு பட்டைதான் விழும். ஸ்டாண்டில் வைத்து 1/15 கொடுங்கள். ஆசையில் பின்மூடியை மட்டும் கழற்றவேண்டாம். டியூபில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் தங்கும்.

நேரம் முடியப்போகிறது, மஞ்சளாகிப்போன பழைய கம்ப்யூட்டர் பிளாஸ்டிக்கைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது. வெளுக்க, 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமைக் கையுறையோடு தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். காயவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். அடிக்கடி திருப்பி, மறுபடி தடவவேண்டும். லேபிள் ஒட்டிய இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில வருடங்களில் மஞ்சள் திரும்பவும் வரலாம். சாவிப் பலகையைப் பற்றிப் பேச நேரமில்லை. வணக்கம்.