போனுக்குக் காவல் வேண்டாம் என்கிறார்களே, ஏன்?

[திரையில்: ஒரு போன். நடுவில் பச்சை நிறக் கேடயம், அதன் கீழே "ஸ்கேன் செய்" என்ற பொத்தான். ஒரு விரல் அருகே வருகிறது, தயங்குகிறது, விலகிப் போகிறது.]

இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

கணினி வாங்கியதும் முதல் வேலையாக ஆன்டிவைரஸ் போட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அதே ஆட்களிடம் "போனிலும் ஒன்று போட்டுக்கொள்ளுங்களேன்" என்றால், "அதெல்லாம் எதுக்கு?" என்று நகர்ந்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள், மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் இப்போது இருப்பது போனில்தான். சோம்பேறித்தனம், விவரம் போதாது என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை நியாயமானவை. ஒரு இடத்தில் மட்டும் கணக்கு தப்புகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

[திரையில்: அனுமதி கேட்கும் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.]

சில வருடங்களுக்கு முன் நானே ஒரு பாதுகாப்புச் செயலியை நிறுவினேன். திறந்ததும் கோப்புகளைப் பார்க்க அனுமதி கேட்டது. சரி, ஸ்கேன் செய்ய வேண்டுமே என்று கொடுத்தேன். அடுத்து தொடர்பு எண்கள், தொல்லை அழைப்புகளைத் தடுப்பதற்கு. அப்புறம் இருப்பிடம், போன் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்கு. அப்புறம் கேமரா, யாராவது தப்பான பின் போட்டால் அவர் முகத்தைப் படம் பிடிப்பதற்கு. அப்புறம் மற்ற செயலிகளுக்கு மேலே தோன்றும் அனுமதி. கடைசியாக ஆக்சஸிபிலிட்டி.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எந்தக் காரணமும் பொய்யில்லை. ஆனால் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் திக்கென்றது. வாசலில் நிற்க ஆள் தேடப் போய், பீரோ சாவி உட்பட மொத்தச் சாவிக்கொத்தையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அந்தக் கடைசி அனுமதியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆக்சஸிபிலிட்டி என்பது பார்வை இல்லாதவர்களுக்கும் விரலால் திரையைத் தொட்டு இயக்க முடியாதவர்களுக்கும் உருவான அருமையான வசதி. திரையில் என்ன இருக்கிறது என்று அது படித்துச் சொல்லும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்தும். இந்த இரண்டையும் ஒரு திருடனிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் வங்கிச் செயலியைத் திறப்பதை அவன் பார்ப்பான், பணம் அனுப்பும் பொத்தானையும் அவனே அழுத்துவான். வங்கிப் பணத்தைக் குறிவைக்கும் தீம்பொருள்கள், அதாவது கெடுதல் செய்யவே எழுதப்பட்ட மென்பொருள்கள், பெரும்பாலும் இந்த அனுமதியைத்தான் முதலில் கேட்கின்றன. அதனால்தான் 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கிய செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி ஒரு தடுப்பு வைத்தது.

ஆகவே, "இவ்வளவு கேட்கிறதே, இதை எப்படி நம்புவது?" என்று ஒருவர் பின்வாங்கினால் அவர் சரியாகத்தான் யோசிக்கிறார்.

[திரையில்: 2014. ஒரு கேடயப் படம். அதன் மேல் பெருக்கல் குறி. தொட்டதும் அது சரிக் குறியாக மாறுகிறது.]

இந்தச் சந்தேகத்துக்குச் சாட்சியும் உண்டு. 2014 ஏப்ரலில் "வைரஸ் ஷீல்டு" என்ற கட்டணச் செயலி கூகுள் பிளே ஸ்டோரின் முன்னணிப் பட்டியலுக்கே வந்துவிட்டது. பல்லாயிரம் பேர் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆண்ட்ராய்டு போலீஸ் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் அதைப் பிரித்துப் பார்த்தது. உள்ளே ஸ்கேன் செய்யும் வேலையே இல்லை. தொட்டால் ஐகான் மாறும், அவ்வளவுதான். கூகுள் அதை நீக்கி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

அது வெறும் ஏமாற்று. 2022-இல் நடந்தது அதைவிட மோசம். ஷார்க்பாட் என்ற வங்கித் தீம்பொருள், ஆன்டிவைரஸ் என்ற பெயரிலேயே பிளே ஸ்டோருக்குள் நுழைந்தது. அது பிடித்துக்கொண்டதும் இதே ஆக்சஸிபிலிட்டி அனுமதியைத்தான்.

சரி, பெயர் தெரியாத நிறுவனங்களை விடுங்கள், நாலு பேருக்குத் தெரிந்த பெயராகப் பார்த்துப் போடலாமே என்பீர்கள். ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். மக்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரங்களைத் தன் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் வழியாக விற்றது என்று குற்றம் சாட்டி, அமெரிக்காவில் நுகர்வோர் நலனைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷன் 2024-இல் அந்த நிறுவனத்தை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. கண்காணிப்பிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று விற்ற மென்பொருளே கண்காணித்திருக்கிறது. இதைப் படித்த ஒருவர் இனி எந்தப் பாதுகாப்புச் செயலியையும் தொட மாட்டேன் என்றால், அவரிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

நல்லது எது, போலி எது என்று பிரிப்பதும் சாதாரண ஆளால் ஆகிற காரியமில்லை. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரடிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2019-இல் ஆண்ட்ராய்டுக்கான 250 பாதுகாப்புச் செயலிகளை எடுத்து, 2,000 தீம்பொருள்களை வைத்துச் சோதித்தது. தீம்பொருள்களில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்து, நல்ல செயலிகளைத் தப்பாகப் பிடிக்காமலும் இருந்தவை 80 மட்டுமே. சில செயலிகளிடம் ஒரு பெயர்ப் பட்டியல் மட்டும் இருந்தது. பட்டியலில் உள்ள பெயர் என்றால் நல்லது, மற்றதெல்லாம் கெட்டது. அப்படிச் செய்த சிலர் தங்கள் பெயரையே பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டதால், அந்தச் செயலிகள் தம்மையே வைரஸ் என்று காட்டின.

[திரையில்: ஒரு அடுக்குமாடிக் கட்டடம். ஒவ்வொரு அறையும் தனித்தனியாகப் பூட்டியிருக்கிறது.]

இப்போது கொஞ்சம் உள்ளே போவோம். கணினியில் ஆன்டிவைரஸ் எல்லா இடத்திலும் புகுந்து பார்க்கும். போனின் கட்டமைப்பே வேறு. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் எண் கொடுத்து, தனி அறையில் பூட்டி வைக்கிறார்கள். சாண்ட்பாக்ஸ் என்பார்கள். ஒரு செயலி இன்னொன்றின் அறைக்குள் போக முடியாது. பாதுகாப்புச் செயலிக்கும் இதே விதிதான். என்னென்ன செயலிகள் நிறுவப்பட்டிருக்கின்றன, அவற்றின் நிறுவல் கோப்பு எப்படி இருக்கிறது, பொதுவான சேமிப்பிடத்தில் என்ன கிடக்கிறது, இவற்றைத்தான் அது பார்க்கும். ஐபோனில் அதுவும் கிடையாது. அங்கே பாதுகாப்பு என்ற பெயரில் வருபவை விபிஎன் (இணைய இணைப்பை மறைத்து அனுப்புவது), மோசடித் தளங்களைத் தடுப்பது, கடவுச்சொல் கசிந்தால் எச்சரிப்பது போன்ற வேலைகளையே செய்கின்றன.

ஆண்ட்ராய்டில் ஸ்கேன் செய்ய ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கூகுளின் பிளே புரொடெக்ட், 2017-இல் வந்தது. கூகுள் சேவைகளோடு வரும் எல்லாப் போன்களிலும் அது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிட நன்றாகப் பிடிக்கும் தனிச் செயலிகளும் உண்டு, அதை மறுக்க முடியாது. ஆனால் தினமும் எதையாவது பிடித்துக் காட்டும் அளவுக்கு வேலை இருக்காது. வேலை இல்லை என்று சொன்னால் யார் சந்தா கட்டுவார்கள்? அதனால்தான் குப்பை நீக்கி, வேகம் கூட்டி, பேட்டரி சேமிப்பான் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. பின்னணியில் இருப்பவற்றை மூடினால் போன் வேகமாகும் என்பதும் பொதுவாக உண்மையில்லை. நினைவகத்தை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்கிறது. மூடியவை மீண்டும் எழும்போது பேட்டரிதான் கூடுதலாகச் செலவாகிறது.

நான் நிறுவிய செயலி நாளுக்கு நான்கைந்து முறை கூப்பிட்டது. சிவப்பு நிறத்தில், "உடனே கவனியுங்கள்!" என்று. தொட்டால், "தற்காலிகக் கோப்புகள் உள்ளன." இரண்டு வாரத்தில் அந்தச் சிவப்பு என் கண்ணில் படவே இல்லை. எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிந்தது. நிஜமான எச்சரிக்கை வந்திருந்தாலும் அப்படியே தள்ளிவிட்டிருப்பேன். கடைசியில் நீக்கப் போனால் நீக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது. ஆரம்பத்தில் டிவைஸ் அட்மின் என்ற, போனை நிர்வகிக்கும் அனுமதியையும் கொடுத்திருக்கிறேன், அது நினைவில் இல்லை. அமைப்புகளுக்குள் தேடி அதை முதலில் அணைத்த பிறகுதான் செயலி போனது.

மைக்ரோசாஃப்டின் ஆராய்ச்சியாளர் கார்மக் ஹெர்லி 2009-இல் ஒரு கட்டுரையில் இதை வேறு கோணத்தில் சொன்னார். பாதுகாப்பு அறிவுரைகளை மக்கள் ஒதுக்குவது பொருளாதாரக் கணக்கின்படி சரியான முடிவுதான் என்றார். அறிவுரையைப் பின்பற்ற எல்லோரும் தினமும் செலவிடும் நேரத்தைக் கூட்டினால், அது தடுக்கும் நஷ்டத்தைவிடப் பெரிதாக வருகிறது. எனக்கு இந்த வாதம் பிடிக்கும், ஏனென்றால் அது மக்களைத் திட்டாமல் தொடங்குகிறது.

[திரையில்: போன் அடிக்கிறது. அறிமுகமில்லாத எண்.]

கணக்கு தப்பும் இடம் இதுதான். பல வருடமாக எந்தப் பாதுகாப்புச் செயலியும் வேண்டாம் என்றிருந்த ஒருவருக்கு ஒரு அழைப்பு வருகிறது. "உங்கள் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள். பணம் போவதற்குள் இந்தப் பாதுகாப்புச் செயலியைப் போடுங்கள், இணைப்பு அனுப்புகிறேன், லைனிலேயே இருங்கள்." ஐந்தே நிமிடத்தில் நிறுவிவிடுகிறார். எந்தச் சாவிக்கொத்தைக் கொடுக்க அத்தனை நாள் தயங்கினாரோ, அதை மொத்தமாக ஒரு குரலிடம் கொடுத்துவிடுகிறார். பயம் வந்தால் யோசனை நின்றுவிடுகிறது. அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். அவர் நிதானமாக உட்கார்ந்து, தானாகத் தேடி, யோசித்துப் போட்ட செயலி அநேகமாக அவ்வளவு ஆபத்தாக இருந்திருக்காது. இன்னொருவர் அவசரப்படுத்திப் போடவைத்த செயலிதான் ஆபத்து. அழைப்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். உண்மையாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

இன்னொரு தப்பும் கூடவே வருகிறது. பாதுகாப்பு என்று வரும் எல்லா அறிவிப்பையும் தள்ளிப் பழகியவர்கள் அப்டேட்டையும் தள்ளிவிடுகிறார்கள். 2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை வெளியே வந்தபோது, ஒரு எம்எம்எஸ் அனுப்பியே போனைத் தாக்க முடியும் என்று தெரிந்தது. அதன் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டையை எந்த ஆன்டிவைரஸாலும் அடைக்க முடியாது. அப்டேட்டால் மட்டுமே முடியும்.

ஸ்டோருக்கு வெளியிலிருந்து அடிக்கடி ஏபிகே என்ற நிறுவல் கோப்புகளை இறக்குபவர்கள், கூகுள் சேவைகளே இல்லாத போன் வைத்திருப்பவர்கள், இவர்களுக்குத் தனிச் செயலி உதவும். சோதனை நிறுவனங்களின் புதிய முடிவுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்டோரில் இருக்கும் நட்சத்திரங்களை மட்டும் நம்பாதீர்கள். வைரஸ் ஷீல்டுக்கும் நல்ல மதிப்பெண் இருந்தது.

[திரையில்: அமைப்புகள், அதற்குள் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியல்.]

இந்த வீடியோவை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். போனுக்குப் போன் பெயர் கொஞ்சம் மாறும், அமைப்புகளின் தேடல் பெட்டியில் போட்டால் வந்துவிடும். போன மாதம் என் சித்தியின் போனில் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு செயலி இயக்கத்தில் இருந்தது. டார்ச் லைட்.

"இது எதுக்கு சித்தி?"

"இருட்டுல வெளிச்சத்துக்குப்பா. என்னமோ கேட்டுச்சு, சரின்னு கொடுத்தேன்."

போனிலேயே டார்ச் இருக்கிறது, மேலிருந்து இழுத்தால் வரும் என்று காட்டினேன். அனுமதியை அணைத்தோம், செயலியை நீக்கினோம், வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றினோம். மொத்தம் பத்து நிமிடம் ஆனது.